கார் ஏசியில் சூடான காற்று வருகிறதா? கேஸ் போடச் சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

சித்திரை பிறந்துவிட்டால் கார் ஏசி கடைகளில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். வருகிறவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "கூலிங் இல்லண்ணே, கேஸ் போட்டு விடுங்க." கடைக்காரரும் போட்டு அனுப்பிவிடுகிறார். கொஞ்ச நாள் சில்லென்று இருக்கும். கத்திரி வெயில் முடிவதற்குள் மறுபடி சூடான காற்று, மறுபடி கேஸ், மறுபடி செலவு.

கார் ஏசியில் கேஸ் என்பது ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வந்து வருடக்கணக்கில் வேலை செய்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசரின் சீல் வழியாகவும் மிக மெல்லக் கசிவது இயல்பு. ஆனால் ஒரே கோடையில் காலியாகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் நிரப்பினால் பணமும் கேஸோடு சேர்ந்து வெளியே போகும். அதைவிட முக்கியமான விஷயம், சூடான காற்று வர கேஸோடு சம்பந்தமே இல்லாத காரணங்கள் நிறைய உண்டு. ஃபேன் ஓடாமல் இருக்கலாம், ரிலே என்கிற சிறு மின் சுவிட்ச் போயிருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். இவற்றில் பாதியை எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம்.

கார் வாங்கி அதிக நாள் ஆகாதவர்களுக்கும், பானெட்டைத் திறந்தே பழக்கமில்லாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நாமே பழுது பார்ப்பதற்காக அல்ல. எங்கே கோளாறு என்று ஓரளவு தெரிந்துகொண்டு கடைக்குப் போவதற்காக.

குளிர் எப்படி உண்டாகிறது

இது தெரியாமல் மற்றவை புரியாது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊசி போடும் முன் நர்ஸ் கையில் தேய்க்கும் ஸ்பிரிட் சில்லென்று இருக்கிறதல்லவா? அது ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஏசியிலும் அதேதான் நடக்கிறது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்கிற கேஸ். திறந்த வெளியில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலுக்குள் இது திரவமாக நுழைந்து ஆவியாகிறது. அந்தக் காயில் மேல் பிளோயர் காற்றை ஊதுகிறது, குளிர்ந்த காற்று நம் முகத்தில் படுகிறது.

ஆவியான கேஸை எஞ்சினோடு பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் இழுத்து அழுத்துகிறது. அழுத்தியதும் அது கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டை வெளியே கொட்டுவதற்குத்தான் வண்டியின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் இருக்கிறது. அங்கே சூட்டை இழந்து கேஸ் மறுபடி திரவமாகிறது. ஈரத்தை உறிஞ்சும் டிரையரைத் தாண்டி, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியாகக் காயிலுக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். உள்ளே குளிர வேண்டுமானால் வெளியே சூடு இறங்க வேண்டும். முன்பக்கத்தில் சூடு இறங்காவிட்டால் கேஸ் முழுதாக இருந்தும் குளிராது.

படி 1: எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள்

கடையில் போய் "கூலிங் இல்லை" என்று மட்டும் சொன்னால் அவர்கள் ஊகத்தில்தான் தொடங்க வேண்டும். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, எந்த நேரத்தில் எப்படி மாறுகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். பாதி நோய் அதிலேயே பிடிபடும்.

ஹைவேயில் ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடாகிறது என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர் ஃபேன் மேல். ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்றதும் அந்த வேலை ஃபேனுக்கு. அது ஓடாவிட்டால் கதை முடிந்தது.

அரை மணி, முக்கால் மணி நேரம் அருமையாகக் குளிர்ந்துவிட்டு, அப்புறம் காற்றின் வேகமே குறைந்து, வருகிற கொஞ்சமும் சூடாக வந்தால் கூலிங் காயிலில் பனி கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஏ/சி பட்டனை அணைத்து, பிளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பனி உருகிக் காற்று பழைய வேகத்துக்கு வந்து, ஏசி போட்டதும் மறுபடி குளிர்ந்தால் சந்தேகம் உறுதி. கேபின் ஃபில்டர் அடைபட்டிருக்கலாம், காயிலின் வெப்பத்தை அளக்கும் சென்சார் கெட்டிருக்கலாம், கேஸ் கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

காலையில் எஞ்சினைப் போட்ட முதல் சில நிமிடம் குளிர்கிறது, எஞ்சின் சூடேறியதும் காற்றும் சூடாகிறது என்றால் ஹீட்டர் கலக்கிறது என்று நினைக்கலாம். ஹீட்டர் காயிலுக்குள் ஓடுவது எஞ்சினைச் சுற்றி வரும் தண்ணீர். அது குளிர்ந்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது.

இவை எதுவும் இல்லாமல், எந்த நேரத்திலும் வெறும் ஃபேன் காற்றுதான் வருகிறது என்றால் கம்ப்ரசர் ஓடுகிறதா என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர் குறைந்ததா, ஒரே நாளில் நின்றுபோனதா என்பதும் முக்கியம். மெல்லக் குறைந்தால் கசிவு அல்லது அழுக்கு. திடீரென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம் சார்ந்த கோளாறு, இல்லையென்றால் கல் பட்டுக் கண்டென்சர் ஓட்டையானது.

படி 2: வண்டிக்குள் இருந்தே பார்ப்பவை

ஏ/சி பட்டனில் விளக்கு எரிகிறதா பாருங்கள். டெம்பரேச்சர் நாபு நீலக் கோட்டின் கடைசி வரை திரும்பியிருக்க வேண்டும். பிள்ளைகள் முன்சீட்டில் உட்கார்ந்து திருப்பிவிட்டு இறங்கியிருப்பார்கள், நாம் அதைக் கவனிக்காமல் கடை வரை போய்விடுவோம். உள்காற்றைச் சுற்றவிடும் பட்டன், அதாவது கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்டது, போட்டிருக்கிறதா பாருங்கள். வெளிக்காற்று எடுக்கும் நிலையில் இருந்தால் 38 டிகிரி வெயில் காற்றை ஒவ்வொரு நொடியும் புதிதாகக் குளிர்விக்க வேண்டியிருக்கும். சிறிய எஞ்சின் வண்டிகளின் ஏசி அதற்குத் தாங்காது.

வெயிலில் மணிக்கணக்கில் நின்ற காரில் ஏறியதும் குளிர் வராது, அது பழுதல்ல. சீட்டும் டேஷ்போர்டும் கொதித்துப் போயிருக்கும். கண்ணாடிகளை இறக்கிச் சிறிது தூரம் ஓட்டி, அனல் காற்றை வெளியேற்றிவிட்டு, அப்புறம் மூடி உள்காற்றுக்கு மாற்றுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் குளிரவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்கு வரலாம்.

ஒரு சிறிய தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சமையலறையில் பயன்படுத்தும் டிஜிட்டல் ஊசி தெர்மாமீட்டரே போதும். பானெட்டை மூடி, பிளோயரை நடு வேகத்தில் வைத்து, உள்காற்று நிலையில், நடு வென்ட்டுக்குள் ஊசியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள ஏசி 5 முதல் 10 டிகிரி வரை காட்டும். நடுப்பகல் வெயிலில் வண்டி நின்ற இடத்தில் 12 காட்டினாலும் கவலை வேண்டாம். இதில் ஊருக்கு ஊர் வித்தியாசமும் உண்டு. வேலூரில் வெயில் கடுமை, ஆனால் காற்று வறண்டிருக்கும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கடற்காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வடிக்கவே ஏசியின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும். அதனால் வென்ட்டில் இரண்டு மூன்று டிகிரி கூடத் தெரியலாம்.

வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். சொட்டினால் கூலிங் காயில் ஓரளவாவது குளிர்கிறது என்று அர்த்தம். புதிதாகக் கார் வாங்கியவர்கள் இதைக் கண்டு பயப்படுவார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. சொட்டாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

படி 3: பானெட்டைத் திறந்து கம்ப்ரசரைப் பாருங்கள்

முதலில் பாதுகாப்பு. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பார்க்கிங்கில். துப்பட்டா, புடவைத் தலைப்பு, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகில் போகக் கூடாது. எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் தானாக ஓடத் தொடங்கலாம், அதனால் அதற்குள் விரலை விடவே வேண்டாம். மின்சாரக் காரிலும் ஹைபிரிட்டிலும் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடக் கூடாது. அந்த வண்டிகளில் கம்ப்ரசரே உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அவற்றுக்கு இந்தப் படியை விட்டுவிட்டு நேராகச் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

ஒருவர் உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓட்டட்டும். பெல்ட்டில் மாட்டியிருக்கும் கம்ப்ரசரின் முகப்பைப் பாருங்கள். ஏசி போடாதபோது வெளிப்புறப் புல்லி மட்டும் சுற்றும், நடுவில் உள்ள தட்டு அசையாமல் நிற்கும். ஏசி போட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்து நடுத்தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். அதுதான் மேக்னடிக் கிளட்ச். அந்த நேரத்தில் எஞ்சினின் சத்தமும் லேசாக மாறும். சில புதிய வண்டிகளில் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் வருகிறது. அதில் எப்போதுமே சுற்றும், 'டக்' கேட்காது. அந்த வண்டிக்கு அடுத்த படியில் சொல்லும் குழாய் சோதனைதான் வழி.

கிளட்ச் பிடிக்கவில்லையா? உடனே கம்ப்ரசர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஃப்யூஸ் பெட்டியின் மூடியிலேயே எது ஏசிக்கான ஃப்யூஸ், எது ரிலே என்று படம் போட்டிருக்கும். ஃப்யூஸை உருவி உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா பாருங்கள். ரிலேவுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு, அதே எண் போட்ட ஹாரன் ரிலேவைக் கழற்றி ஏசி ரிலே இருந்த இடத்தில் மாட்டிப் பாருங்கள். கிளட்ச் பிடித்தால் பழுது பிடிபட்டது. புது ரிலே மலிவான பொருள்தான்.

கம்ப்ரசருக்குப் போகும் வயரைக் கண்ணால் பின்தொடருங்கள். தோட்டம் உள்ள வீடு, காலி மனை ஓரம், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் என்று வண்டி நிற்கும் இடங்களில் எலித் தொல்லை அதிகம். கடித்த வயர் கண்ணுக்கே தெரியும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் பிடிக்காவிட்டால் கேஸ் மிகவும் குறைந்திருக்கலாம். குழாயில் ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கிறது. அழுத்தம் சுமார் 30 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் பல வண்டிகளில் அது கம்ப்ரசரை ஓட விடாது. இது கம்ப்ரசரைக் காப்பாற்றத்தான். கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் ஆயிலும் திரும்பி வராமல் உள்ளே உராய்ந்து தேய்ந்துவிடும். அதனால் யாராவது அந்தச் சுவிட்சின் வயர்களை ஒன்றாக முறுக்கிக் கம்ப்ரசரை ஓட்டிக் காட்டுகிறேன் என்றால் தடுத்துவிடுங்கள். உள்ளே உடைந்த உலோகத் தூள் கண்டென்சரின் நுண்ணிய துளைகளில் போய் உட்கார்ந்தால் கழுவி எடுப்பது நடக்காத காரியம். கம்ப்ரசரோடு கண்டென்சரும் டிரையரும் மாற்ற வேண்டிவரும்.

எஞ்சின் சூடு அளவுக்கு மீறினாலும் வண்டியின் கம்ப்யூட்டர் ஏசியை நிறுத்திவிடும். மீட்டரில் டெம்பரேச்சர் முள் ஏறியிருந்தால் ஏசியை மறந்துவிட்டு முதலில் கூலன்ட்டைக் கவனியுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

படி 4: குழாய்களைத் தொட்டுப் பாருங்கள்

கம்ப்ரசர் ஓடுகிறது, ஆனாலும் குளிரவில்லை. இப்போது இரண்டு அலுமினியக் குழாய்கள், எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள சுவரை நோக்கிப் போவதைத் தேடுங்கள். ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. ஏசி ஐந்து நிமிடம் ஓடிய பிறகு தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும், மெல்லியது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாயை மட்டும் தொடாதீர்கள், கையைச் சுட்டுவிடும்.

தடித்த குழாய் வியர்த்துச் சில்லென்று இருக்கிறது, ஆனால் உள்ளே சூடு. அப்படியென்றால் குளிர் உருவாகிறது, நம்மிடம் வந்து சேரவில்லை. படி 6-க்குப் போங்கள்.

இரண்டு குழாயும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருந்தால் கேஸ் குறைவு, அல்லது கம்ப்ரசர் சுற்றுகிறதே தவிர அழுத்தவில்லை. கிளட்ச் சில நொடிக்கு ஒருமுறை 'டக்', 'டக்' என்று பிடித்துப் பிடித்து விட்டாலும் பெரும்பாலும் கேஸ் குறைவுதான்.

படி 5: ஃபேனும் கண்டென்சரும்

என்னைக் கேட்டால் நம் ஊரில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான். ஏசி போட்டதும், அல்லது கொஞ்ச நேரத்தில், முன்பக்க ஃபேன் ஓட வேண்டும். சில வண்டிகளில் ஒன்று, சிலவற்றில் இரண்டு. இரண்டு இருந்தால் இரண்டையும் பாருங்கள். ஓடுவது மட்டும் போதாது, வேகமும் இருக்க வேண்டும். பழைய மோட்டார் பெயருக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். முன் கிரில்லுக்கு அருகே ஒரு தாளைப் பிடியுங்கள். ஃபேன் காற்றை உள்ளே இழுப்பதால் தாள் கிரில்லோடு ஒட்ட வேண்டும். வெளியே தள்ளினால் ஃபேன் மாற்றியபோது வயரைத் தலைகீழாக இணைத்திருக்கிறார்கள்.

ஃபேன் ஓடவில்லை என்றால் அதற்கும் தனி ஃப்யூஸ், தனி ரிலே உண்டு. மேலே சொன்ன அதே சோதனைதான். இதைச் சரிசெய்யாமல் வண்டியை வெயிலில் டிராஃபிக்கில் ஓட்டாதீர்கள், ஏசி மட்டுமல்ல, எஞ்சினே சூடேறிவிடும்.

அடுத்தது அழுக்கு. கண்டென்சர் வண்டியின் மூக்கிலேயே இருப்பதால் மண், பூச்சி, இலை, பிளாஸ்டிக் கவர் எல்லாம் அதில்தான் வந்து ஒட்டும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கிலும் பஞ்சு போல் தூசி சேரும், அது வெளியிலிருந்து தெரியாது. எஞ்சினை அணைத்து ஆற விட்டு, தோட்டத்து ஹோஸில் மெல்லிய நீரால் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன்னை நேராக அடிக்கவே கூடாது. அதன் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, காற்றுப் போகும் வழியே அடைத்துப் போகும். அழகுக்காக கிரில்லில் மாட்டிய வலை, பெரிய கூடுதல் லைட், அலங்கார பிளேட் இவையும் காற்றைத் தடுக்கும்.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் செய்யும் ஒரு சோதனை உண்டு. வண்டி நின்றபடி ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது, கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் தண்ணீரை மெல்லத் தெளிப்பார்கள். ஓரிரு நிமிடத்தில் உள்ளே குளிர் கூடினால், சூடு இறங்காததுதான் பிரச்சினை, கேஸ் அல்ல என்று தெரிந்துவிடும். ஒரு குடம் தண்ணீரில் முடிகிற சோதனை.

படி 6: குளிர் உருவாகியும் உள்ளே வரவில்லை என்றால்

கேபின் ஃபில்டர் பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியின் இரு பக்கக் கொக்கிகளை அமுக்கி இறக்கினால் நீளமான ஒரு மூடி தெரியும். ஃபில்டரை உருவி வெளிச்சத்தில் பிடியுங்கள். கறுத்துப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள், பத்து நிமிட வேலை. விலை குறைந்த வேரியன்ட்டுகள் சிலவற்றில் கம்பெனியே ஃபில்டர் வைத்துத் தருவதில்லை, இடம் மட்டும் காலியாக இருக்கும். அப்படியானால் இத்தனை வருடத் தூசியும் நேராகக் கூலிங் காயிலில் படிந்திருக்கும். காயிலைச் சுத்தம் செய்துவிட்டு ஃபில்டரும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

பிளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் ஓடாவிட்டால், வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் பிளோயர் ரெசிஸ்டர் போயிருக்கிறது. ஏசியைத் தொட வேண்டியதே இல்லை.

காற்று வேகமாக வருகிறது, தடித்த குழாய் சில்லென்று இருக்கிறது, ஆனாலும் சூடு என்றால் டேஷ்போர்டுக்குள் குளிர்காற்றையும் சூடான காற்றையும் பிரிக்கும் சிறு கதவு சிக்கியிருக்கிறது. நாபில் இயங்கும் வண்டிகளில் கேபிள் கழன்றிருக்கும். ஆட்டோமேட்டிக் ஏசியில் அந்தக் கதவைத் திருப்பும் சின்ன மோட்டார் உடைந்திருக்கும். நாபைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் 'கடகட' என்று கேட்டால் அதுதான். ஓட்டுநர் பக்கம் சூடு, அடுத்த சீட்டுப் பக்கம் குளிர் என்று வந்தாலும் இந்தக் கதவைச் சந்தேகப்படலாம், கேஸ் குறைந்தாலும் சில வண்டிகளில் அப்படி வரும்.

படி 7: கேஸ் கசிகிறது என்று தெரிந்தால்

கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் வழியும். அதனால் குழாய் இணைப்புகள், கண்டென்சரின் அடிப்பகுதி, கம்ப்ரசரின் முகப்பு ஆகிய இடங்களில் தூசி ஒட்டிய எண்ணெய்க் கறை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ் ஏற்றும் வால்வுகளின் மேல் இருக்கும் சிறு பிளாஸ்டிக் மூடிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கேஸ் போட்டவர் மூடியைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. டயர் வால்வில் இருப்பது போன்ற ஒரு சின்ன ஊசிதான் உள்ளே கேஸைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கசிந்தால் மூடி ஒரு காப்பு.

இதற்கு மேல் வீட்டில் செய்ய எதுவும் இல்லை. எந்த நட்டையும் தளர்த்தாதீர்கள். திரவக் கேஸ் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். ஆன்லைனில் விற்கும் கேஸ் கேன், ஓட்டையைத் தானே அடைக்கும் என்று சொல்லும் திரவம் இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அடைப்புத் திரவம் ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையை அடைத்துவிடும்.

கடையில் என்ன கேட்க வேண்டும்

முதல் கேள்வி: "எங்கே லீக் என்று காட்ட முடியுமா?" நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை பூசிக் குமிழியைக் காட்டுவார், அல்லது யூவி டை என்கிற ஒளிரும் சாயத்தைக் கலந்து ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும் இடத்தைக் காட்டுவார். சாதாரணக் காற்றடிக்கும் கம்ப்ரசரால் சோதிக்க விடாதீர்கள், அதில் வரும் ஈரம் உள்ளே போய் எல்லாவற்றையும் கெடுக்கும்.

கூலிங் காயில் லீக் என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். பல வண்டிகளில் அதை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும், பெரிய செலவு. வெளியே உள்ள ஒவ்வொரு இணைப்பையும் கண்டென்சரையும் சோதித்துவிட்டுத்தான் காயிலுக்கு வந்தார்களா என்று கேளுங்கள். டை கலந்திருந்தால், தண்ணீர் சொட்டும் குழாயின் முனையில் ஊதா விளக்கு அடித்தாலே தெரியும். கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் கருவியை வென்ட்டில் வைத்தும் பார்க்கலாம்.

கேஸின் அழுத்தத்தைப் பார்க்க மீட்டர் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நீல ஹோஸ் தாழ்ந்த அழுத்தத்துக்கு, சிவப்பு உயர்ந்த அழுத்தத்துக்கு. எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும், அது அன்றைய வெயிலைப் பொறுத்தது. 30 டிகிரியில் ஏறக்குறைய 95 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் ஏறக்குறைய 115. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே இந்த எண் வந்துவிடும், பாதி கேஸ் இருந்தாலும் முழுதாக இருந்தாலும் அதே எண்தான். அதனால் நிற்கும்போது மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்பது கேஸ் நிறைவாக இருப்பதற்குச் சாட்சி இல்லை.

எஞ்சின் ஓடும்போது நம் கோடையில் நீலம் 30 முதல் 45 வரையும், சிவப்பு 200 முதல் 280 வரையும் காட்டினால் பொதுவாக நல்ல நிலை. இரண்டும் குறைந்தால் கேஸ் குறைவு. நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் இருந்தால் கம்ப்ரசர் பலவீனம். இரண்டும் அதிகம் என்றால் கண்டென்சர் அழுக்கு, ஃபேன் கோளாறு, அல்லது கேஸை அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள். நீலம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் எங்கோ அடைப்பு, பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வால்வில்.

கேஸ் நிரப்பும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மிச்சமிருக்கும் கேஸை மெஷினில் உறிஞ்சி எடுக்க வேண்டும். காற்றில் திறந்துவிடக் கூடாது, புவி வெப்பத்தைக் கூட்டுவதில் ஒரு கிலோ ஆர்-134ஏ ஏறக்குறைய 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பிறகு கசிவை அடைத்து, அந்த இடத்து ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தை மாற்றி, அரை மணி நேரமாவது வேக்யூம் போட வேண்டும், அதாவது பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். இந்த வேக்யூமில்தான் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெளியேறும். பம்பை நிறுத்திப் பதினைந்து நிமிடம் கழித்தும் முள் அசையாமல் நிற்க வேண்டும். முள் ஏறினால் இன்னும் லீக் இருக்கிறது, கேஸ் ஏற்றுவதில் பயன் இல்லை. குழாய் பல நாள் திறந்து கிடந்திருந்தால் டிரையரையும் மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் கேஸ் ஏற்றுவது. எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும், எந்த வகைக் கேஸ் என்பதும் அதில் இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் அரை கிலோவுக்கும் குறைவுதான் பிடிக்கும். இவ்வளவு சிறிய அளவில் ஐம்பது அறுபது கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிரில் தெரியும். தராசில் சிலிண்டரை வைத்து எடை பார்த்து ஏற்றுகிறவரிடம் போங்கள். குழாயைத் தொட்டுப் பார்த்து "போதும்" என்கிறவரிடம் வேண்டாம். இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடுங்க என்று நாமும் சொல்லக் கூடாது. அளவுக்கு மேல் போட்டால் குளிர் குறையும், கம்ப்ரசருக்குச் சுமை கூடும்.

சிலிண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மலிவு என்பதால் எல்பிஜி வகைக் கேஸைக் கலந்து ஏற்றுவோரும் உண்டு. அது குளிரும், ஆனால் தீப்பிடிக்கும். கூலிங் காயிலில் ஓட்டை விழுந்தால் அந்தக் கேஸ் மூடிய காருக்குள், நம் குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் வந்து சேரும். 2011-ல் கப்பல் கன்டெய்னர்களின் குளிர்சாதனங்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலிக் கேஸை ஏற்றியதே காரணம், அது அலுமினியத்தோடு சேர்ந்து காற்றுப் பட்டாலே எரியும் பொருளாக மாறுகிறது. கார் ஏசியின் காயிலும் கண்டென்சரும் அலுமினியம்தான். சந்தை விலையைவிட மிகவும் குறைவாகக் கேஸ் போட்டுத் தருகிறேன் என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

வேலை முடிந்த பிறகு

பில்லில் எத்தனை கிராம் கேஸ், எந்த இடத்தில் லீக், எந்தப் பாகம் மாற்றியது என்று எழுதி வாங்குங்கள். யூவி டை கலந்து போடச் சொல்லியிருந்தால் அதையும் குறிக்கச் சொல்லுங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன்பே வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்து, அந்த எண்ணையும் அன்றைய வெளி வெப்பத்தையும் பில்லின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள்.

மழைக்காலத்திலும் மார்கழியிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓட விடுங்கள். ஆயில் சுற்றி வந்தால்தான் கம்ப்ரசரின் சீல் காயாமல் இருக்கும். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். வெளி வெப்பம் ஒன்றாக இருந்தும் வென்ட்டில் நான்கைந்து டிகிரி கூடிவிட்டால், முழுதாகச் சூடேறும் வரை காத்திருக்காமல், பில்லோடு அதே கடைக்குப் போய் முதலில் ஊதா விளக்கை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.